மூக்கில் குழாய், பாட்டிலில் குமிழி: குறைமாதக் குழந்தையின் மூச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கமும் கோவைப் பக்கமுமாகப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் செவிலியராக 19 வருடம் ஓட்டியாயிற்று. உள்ளே இருக்கும் குழந்தைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் கேட்பது மட்டும் பெரும்பாலும் ஒரே கேள்விகள். ரவுண்ட்ஸ் நேரத்தில் நின்று பதில் சொல்ல எங்களுக்கும் முடிவதில்லை. சொன்னாலும் அந்தப் பதட்டத்தில் பாதி காதில் ஏறாது. அதனால்தான் சாவகாசமாக இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு அழுத்தம், என்ன மருந்து என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. அவர் சொல்வது விளங்க இது உதவினால் போதும்.

"ஏனுங் சிஸ்டர், வென்டிலேட்டர்ல போட்டுட்டீங்களா?"

இல்லை. மூக்கில் இருப்பது சீபேப் (CPAP), மூக்கு வழியாக விடாமல் இதமான காற்றழுத்தம் கொடுக்கிற கருவி. வென்டிலேட்டர் குழாய் வாய் வழியாகக் குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள்ளேயே இறங்கும். சீபேப் மூக்கின் வாசலோடு சரி. துவாரத்தில் பொருந்துகிற இரண்டு குட்டையான மெத்தென்ற முனைகள், இல்லையென்றால் மூக்கை மூடுகிற சின்ன மாஸ்க், அவ்வளவுதான். வித்தியாசம் தெரிய ஒரு சுலப வழி உண்டு: வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை அழுதால் முகம்தான் கோணும், சத்தம் வராது. சீபேப்பில் இருப்பது வீல் என்று கத்தும். அந்தச் சத்தம் எங்களுக்குப் பிடிக்கும்.

இன்னொன்று முக்கியம். சீபேப் குழந்தைக்காக மூச்சு விடுவதில்லை. விடுவது குழந்தைதான்.

அப்புறம் எதற்கு அந்த மெஷின்?

தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. உறிஞ்சு குழாயின் அடியில் ஃபுட்வால்வு இருக்கிறதல்லவா? மோட்டாரை நிறுத்தினாலும் குழாய்த் தண்ணீரை அது கீழே இறங்க விடாது. அதனால் அடுத்த முறை பட்டனைத் தட்டியதும் தண்ணீர் வந்துவிடும். ஃபுட்வால்வு ஒழுகினால் என்ன ஆகும்? குழாய் காலியாகி, மோட்டார் காற்று வாங்கி, ஒவ்வொரு தடவையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வைக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தையின் நுரையீரல் அப்படித்தான் இருக்கிறது. அதில் உள்ள பொடிப்பொடியான காற்றறைகள், மூச்சை வெளியே விட்டதும் முழுக்கச் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த மூச்சுக்கு மறுபடி அவற்றைப் பிரித்துத் திறக்க வேண்டும். புது பலூனை முதல் தடவை ஊதும்போது கன்னம் வலிக்குமே, அந்தக் கஷ்டம் இந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சிலும். நிமிடத்துக்கு 60, 70 தடவை. விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்கும், மூக்கு விடைக்கும், சில மணி நேரத்தில் களைத்துப் போகும்.

சீபேப் ஃபுட்வால்வு வேலையைச் செய்கிறது. மூக்கின் வழியாக இதமான அழுத்தத்தில் காற்றை விடாமல் அனுப்பி, மூச்சை வெளியே விட்ட பிறகும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கும்படி பார்த்துக்கொள்கிறது. அறைகள் மூடுவதில்லை. அடுத்த மூச்சு சுலபமாகிறது.

"முனகிக்கிட்டே இருக்குதுங்க, வலிக்குதா?"

அது வலி முனகல் இல்லை. மூச்சை விடும்போது குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, காற்று மொத்தமும் ஓடிவிடாமல் குழந்தை தானே பிடித்து வைக்கப் பார்க்கிறது. காற்று அந்த இடுக்கு வழியாக வரும்போது 'ம்ம்… ம்ம்…' என்று கேட்கிறது. அதாவது, யாரும் சொல்லிக் கொடுக்காமல் குழந்தையே ஒரு சீபேப் போட்டுக்கொள்கிறது! சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மயக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1971-இல் இந்தச் சிகிச்சையை வெளியிட்டபோது அதன் பின்னால் இருந்த எண்ணமும் இதுதான்: குழந்தை முனகி முனகிச் செய்வதை நாம் வெளியிலிருந்து செய்து கொடுத்தால் என்ன? அவர்கள் முதலில் சிகிச்சை கொடுத்த 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. அந்தக் காலத்துக்கு அது பெரிய சேதி.

சீபேப் மாட்டிக் கொஞ்ச நேரத்தில் முனகல் அடங்கினால், வேலை செய்கிறது என்று பொருள். அடங்காமல் கூடிக்கொண்டே போனால் டாக்டரை உடனே கூப்பிடுவோம்.

மாசம் நிறைந்த குழந்தைக்கு இது ஏன் வருவதில்லை?

காற்றறைகளின் உள்பக்கம் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் பூசியிருக்கும். சோப்புத் தண்ணீர் மாதிரி, ஈரமான சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அது காக்கிறது. கருவில் 24 வாரம் வாக்கில் சுரக்க ஆரம்பித்தாலும், தேவைக்குப் போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்னால் பிறந்தால் பற்றாக்குறைதான். எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறதோ அவ்வளவு பற்றாக்குறை.

இந்தக் காரணத்தை 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் கண்டு சொன்னார். ஆனால் காரணம் தெரிவதற்கும் வைத்தியம் வருவதற்கும் நடுவில் வருடக்கணக்கு இருந்தது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த ஆண் குழந்தை, 2 கிலோவுக்கு மேல் எடை இருந்தும், இதே மூச்சுத் திணறலால் 39 மணி நேரத்தில் இறந்தது. நாட்டின் அதிபருக்கே அன்றைக்குக் கிடைக்காத சிகிச்சை இன்றைக்கு நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கிடைக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து அழும் அப்பாக்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. சிலருக்குக் கொஞ்சம் தெம்பு வரும், சிலர் "கென்னடி யாருங்?" என்பார்கள்.

அந்த பாட்டிலில் ஏன் குமிழி வந்துகொண்டே இருக்கிறது?

எல்லோரும் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். பயப்பட வேண்டியது அது நின்றால்.

குழந்தையின் மூக்கைக் கடந்து வரும் காற்றுக் குழாயின் மறுமுனையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறோம். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விட்டால், காற்று அந்த 5 சென்டிமீட்டர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேற முடியும். அந்த எதிர்ப்புதான் குழந்தையின் நுரையீரலுக்குக் கிடைக்கும் அழுத்தம். பெரும்பாலும் 5 முதல் 8 வரை வைப்போம். டம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தால் எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவுதான் சங்கதி. குமிழி வெடிக்கும் அதிர்வில் குழந்தையின் நெஞ்சு லேசாகத் துடிப்பதையும் பார்க்கலாம். விலை உயர்ந்த மெஷின்களில் இதே அழுத்தத்தை வேறு விதமாகக் கொடுப்பார்கள். ஆனால் பாட்டில் இருப்பது மட்டமான வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். நியூயார்க்கில் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே பல பத்து வருடமாகக் குமிழி சீபேப்தான் ஓடுகிறது.

குமிழி நின்றுவிட்டால் காற்று எங்கேயோ ஒழுகுகிறது. முனை நழுவியிருக்கும், குழாய் கழன்றிருக்கும், இல்லையென்றால் குழந்தை வாயை ஆவென்று திறந்திருக்கும். ராத்திரி 3 மணிக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வரும்போதுகூட, அந்த 'களக் களக்' சத்தம் நின்றால் தூக்கம் சட்டென்று கலைந்துவிடும். மோட்டார் சத்தம் நின்றால் தோட்டத்துக்காரர் எழுந்து உட்காருவதைப் போலத்தான். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது குமிழி நின்றால் தயங்காமல் எங்களைக் கூப்பிடுங்கள். முனையை நீங்களே அழுத்திச் சரி செய்ய வேண்டாம்.

வென்டிலேட்டரே வைத்துவிட்டால் இன்னும் பத்திரமாக இருக்குமே? காசைப் பற்றிக் கவலை இல்லை.

காசைப் பற்றியது இல்லை இது. குழாய் உள்ளே போனால் கிருமித் தொற்றுக்கு ஒரு வழி திறக்கிறது. மெஷின் தள்ளும் காற்று பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கலாம். அதனால் மாதக்கணக்கில் ஆக்சிஜன் தேவைப்படுகிற நிலையும் சில குழந்தைகளுக்கு வருகிறது. தானாக மூச்சு விடும் குழந்தையை முடிந்தவரை தானாகவே விட வைப்பதுதான் இன்றைய வழக்கம்.

இருந்தாலும் ஒரு பக்கமாகப் பேசக் கூடாது. 25 முதல் 28 வாரத்தில் பிறந்த 610 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. பிறந்ததுமே சீபேப் கொடுத்த குழந்தைகளில் 100-க்கு 46 பேருக்கு முதல் 5 நாளுக்குள் குழாய் போட வேண்டியதாயிற்று. நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து நெஞ்சுக்குள் அடைத்துக்கொள்வதும் சீபேப் பக்கம்தான் கூடுதல்: 100-க்கு 9, பிறந்ததுமே வென்டிலேட்டர் குழாய் போட்ட பக்கம் 3. ஆனால் 28 நாள் முடிவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் சீபேப் பக்கம் குறைவு. அதில் இருந்த எல்லாமே மிகவும் சின்னக் குழந்தைகள். 32 வாரத்துக் குழந்தைக்கு வாய்ப்பு இதைவிட நல்லபடியாகவே இருக்கும்.

ஆகவே, "சீபேப் போதவில்லை, வென்டிலேட்டர் வைக்கிறோம்" என்று டாக்டர் சொன்னால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். நல்ல இடத்தில் பிறந்த குழந்தைக்கும் அது வரும்.

பிரசவத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஊசி போட்டார்களே, அது எதற்கு?

குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் பழுக்க வைக்கும் ஸ்டீராய்டு ஊசி. அம்மாவுக்குப் போட்டால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். ஒரு மருந்து 24 மணி நேர இடைவெளியில் 2 தடவை. இன்னொன்று 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 தடவை.

கண்டுபிடித்த கதை நம் ஊர் மேய்ச்சல்காரர்களுக்குப் பிடிக்கும். நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளச் சினைச் செம்மறி ஆடுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்ததும் நாள் முந்தி ஈன்ற குட்டி ஒன்று, செத்துப்போக வேண்டிய வயதில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் காற்று. அந்தக் குட்டியைத் தொட்டுத்தான் 1972-இல் அவரும் ராஸ் ஹோவியும் தாய்மார்களுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு ஆக வேண்டியது ஒன்றே ஒன்று. ஏழு மாதத்தில் வயிறு இறுக்கிப் பிடித்தாலோ, தண்ணீர் போனாலோ, "சூட்டு வலியா இருக்கும், சீரகத்தண்ணி குடி" என்று வீட்டில் ஒரு பகலை ஓட்டாதீர்கள். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். அந்த ஒரு பகல்தான் அந்த நேரம்.

சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள்.

இல்லாத பூச்சை வெளியிலிருந்து கொடுப்பது. 1980-இல் ஜப்பானில் தொடங்கியது. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும்; மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்வது. "மாட்டுதுங்களா?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுவோம், சொன்ன பிறகு வேண்டாம் என்றவரை நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் இதற்காகவே வென்டிலேட்டர் குழாய் போட வேண்டியிருந்தது. இப்போது பல இடங்களில், சீபேப்பை எடுக்காமலே, நூல் மாதிரி மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு மருந்தைச் செலுத்தி உடனே எடுத்துவிடுகிறார்கள்.

மூச்சு விடவே மறந்துபோகிறது என்கிறார்களே!

ஆமாம், மறக்கும். மூச்சை நடத்தும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை. 20 விநாடிக்கு மேல் நிறுத்தினாலோ, நிறுத்தும்போது இதயத் துடிப்பு இறங்கினாலோ மானிட்டர் அலறும். உள்ளங்காலை லேசாகச் சுண்டினாலே பெரும்பாலும் திரும்ப ஆரம்பித்துவிடும்.

இதற்குக் கொடுக்கும் மருந்து காஃபீன். காப்பியில் இருக்கிற அதே சங்கதிதான், மருந்தாகச் சுத்தம் செய்து எடைக்குத் தகுந்த அளவில். 2006 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று, வேடிக்கையாக 2006-ஆம் வருடமே வெளியானது. காஃபீன் கொடுத்த குழந்தைகள் மூச்சு உதவியிலிருந்து ஒரு வாரம் போல் முன்னதாகவே விடுபட்டன. இதைக் கேட்டுவிட்டுக் கோபி பக்கத்து அமுச்சி ஒருவர் சாயங்காலம் ஃபிளாஸ்க்கோடு வந்துவிட்டார். "வீட்டுக் காப்பிங் கண்ணு, சிக்கரி போடலை." அதை நாங்கள் குடித்தோம். குழந்தைக்குக் காப்பி கொடுக்கக் கூடாது, ஒரு சொட்டுகூட.

ஆக்சிஜனை நிறைய வைத்தால் சீக்கிரம் தேறாதா? மானிட்டரில் 92 தான் காட்டுகிறது.

92 நல்ல எண். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதன் சதவீதம் அது. குறைமாதக் குழந்தை ஆக்சிஜனில் இருக்கும்போது 90-க்கும் 95-க்கும் நடுவில் வைக்கத்தான் பாடுபடுகிறோம். 100 காட்டினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், நாங்கள் ஆக்சிஜனைக் குறைக்க ஓடுவோம்.

காரணம் கண். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஆக்சிஜன் மிகுந்தால் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். 1940-களிலும் 50-களிலும் மேல்நாடுகளில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தே ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போனது. அதனால்தான் சீபேப்பில் வெறும் ஆக்சிஜனை ஊதாமல், காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, தேவையான அளவுக்கு அனுப்புகிறோம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பல குழந்தைகளுக்கு 25, 30 போதும்.

கண் பரிசோதனையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முந்தியதற்கும் 1200 கிராமுக்குக் குறைந்ததற்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே. பல வருடம் முன்பு, 1100 கிராமில் வந்து 50 நாள் போராடி வீட்டுக்குப் போன குழந்தை ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த கண் பரிசோதனைத் தேதி எழுதியிருந்தது, யாரும் வாயால் சொல்லவில்லை. அன்றைக்குப் பணியில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் கல்யாணம் என்று அவர்கள் தள்ளிப் போட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து வந்தபோது ஒரு கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அப்போதிருந்து அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மூக்கு சிவந்து கிடக்கிறது. வயிறும் உப்பியிருக்கிறது.

மூக்கைப் பற்றிக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும், நன்றாகப் பார்க்கிறார்கள் என்று பொருள். இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர், ஒரு கிலோ குழந்தைக்கு வெங்காயத் தோல் கனம்தான். முனை அதில் இடித்துக்கொண்டே இருந்தால் சிவக்கும், புண்ணாகும், கவனிக்காவிட்டால் சுவரே அரித்துப் போகும். முனைக்கும் சுவருக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். நாங்கள் சில மணிக்கொரு தடவை கழற்றிப் பார்த்து, முனையையும் மாஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போடுவோம்.

இதில் பாதி வேலை தொப்பியுடையது. தொப்பி தலைக்கு அளவாக இருந்தால்தான் குழாய் ஆடாது. லூசாக இருந்தால் முனை நழுவும். நழுவுகிறதே என்று இறுக்கிக் கட்டினால் மூக்கு புண்ணாகும். ஒருமுறை அளவுத் தொப்பி தீர்ந்துபோய் நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அப்பா ஒருவர் குழந்தையின் தலை அளவைக் கேட்டுப் போனார். மறுநாள் ரிப் துணியில் மூன்று அளவில், உள்பக்கம் தையல் உறுத்தாமல் திருப்பித் தைத்து, 12 தொப்பி கொண்டு வந்து வைத்தார். கம்பெனித் தொப்பி அதற்குப் பக்கத்தில் நிற்காது.

வயிறு உப்புவது, காற்றில் கொஞ்சம் உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போவதால். வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை வயிற்றுக்கு விட்டு, அதன் மேல்முனையைத் திறந்து வைத்திருப்போம், காற்று வெளியேற. வயிறு மெத்தென்று இருக்கும் வரை கவலை இல்லை. கல் மாதிரி இறுகினாலோ, பச்சையாகக் கக்கினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அது வேறு விஷயம், உடனே டாக்டர் பார்ப்பார்.

பால் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். மூச்சும் உறிஞ்சலும் விழுங்கலும் ஒன்றோடொன்று இசைந்து வர, கர்ப்ப வாரத்தையும் சேர்த்து எண்ணி, 34 வாரம் வாக்கில் ஆகும். அதுவரை வயிற்றுக் குழாய் வழியாகத் தாய்ப்பால், சில குழந்தைக்கு ஒரு தடவைக்கு 1 மில்லியில் தொடங்கி. "இத்தனூண்டு பாலா?" என்று அம்மாக்களே சிரிப்பார்கள். அந்த 1 மில்லிக்கு நீங்கள் 2, 3 மணிக்கொரு தடவை பீய்ச்ச வேண்டும், ராத்திரியும். பால் சுரக்கத் தாமதமானால் தானப் பால் கிடைக்குமா என்று கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி தாய்ப்பால் வங்கி இருக்கும் இடங்களில் அதைப் பதப்படுத்தித் தருகிறார்கள்.

சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து, எதுவும் வேண்டாம். கழுதைப்பாலும் வேண்டாம். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, சங்கு கணக்கில் கறந்து விற்கிறார்கள். குடித்தால் மூச்சிரைப்பு வராது என்று அப்பத்தா சொல்வார். பச்சைப் பாலில் இருக்கும் கிருமியை ஒன்றரைக் கிலோ குழந்தையால் தாங்க முடியாது. அப்பத்தாவிடம் நீங்கள் சொல்ல முடியாவிட்டால் என்னைக் காட்டிவிடுங்கள், நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

குழாயெல்லாம் இருக்கும்போது தொடலாமா? நெஞ்சில் வைத்துக்கொள்ளலாமா?

மூச்சும் துடிப்பும் நிலையாக இருந்தால் சீபேப்போடேயே வைத்துக்கொள்ளலாம். கங்காரு முறை என்பார்கள். 1970-களின் கடைசியில், இன்குபேட்டர் பற்றாத கொலம்பியா நாட்டில் ஆரம்பித்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. குழந்தை தேறி வரட்டும் என்று காத்திராமல், பிறந்ததிலிருந்தே அம்மாவின் நெஞ்சில் வைத்தபோது இறப்பு கால் பங்கு குறைந்தது. அவை 1 முதல் 1.8 கிலோ வரை உள்ள குழந்தைகள்.

குளித்து, நகம் வெட்டி, மோதிரம் வளையல் கழற்றி, கையைக் கழுவிவிட்டு வாருங்கள். நாங்கள் குழாயோடு தூக்கி வைத்துவிடுவோம். ஒரு மணி நேரமாவது அசையாமல் உட்கார வேண்டும், அதனால் முதலில் பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுங்கள். அப்பாக்களும் செய்யலாம். முதலில் வெட்கப்பட்டுக் கதவோரம் நிற்பார்கள். சட்டையைக் கழற்றி, குழந்தையை வைத்து, துண்டால் போர்த்திவிட்டதும் நெளியக்கூட மாட்டார்கள். மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: பல குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் ஆக்சிஜனைக் குறைக்க முடிகிறது.

ஏழாம் மாசம் பிழைக்கும், எட்டாம் மாசம் பிழைக்காதாமே?

தப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.

எத்தனை நாள் இருக்க வேண்டும்?

34 வாரத்தில் பிறந்ததற்கு ஒன்றிரண்டு நாள் போதலாம். 28 வாரத்துக் குழந்தைக்கு வாரக்கணக்கில், பலவற்றுக்கு, கர்ப்ப வாரத்தையும் சேர்த்து 32, 33 வார வயதை எட்டும் வரை ஆகும். ஆக்சிஜன் தேவை 21, 25 என்று இறங்கி, அழுத்தம் 5-க்கு வந்து, மூச்சு நிறுத்துவதும் குறைந்தால் கழற்றிப் பார்ப்போம். ஒரு நாள் கழற்றி, மறுநாள் திரும்ப மாட்டுவது சர்வ சாதாரணம். "நேத்து நல்லா இருந்துச்சே, என்ன பண்ணீங்க?" என்று கேட்பீர்கள். ஒன்றும் பண்ணவில்லை. களைத்துவிட்டது, இன்னும் நாலு நாள் கேட்கிறது.

ஹை ஃப்ளோ என்று வேறொன்றைச் சொன்னார்களே?

அதுவும் மூக்கு வழிதான். இன்னும் மெல்லிய குழாயில், வெதுவெதுப்பாக ஈரப்படுத்திய காற்று வேகமாக வரும். மூக்குக்கு இதம், தூக்கி வைத்துக்கொள்ளவும் சுலபம். ஆனால் அழுத்தம் எவ்வளவு என்று இதில் அளந்து சொல்ல முடியாது. அதனால் ஆரம்பத் திணறலுக்கு சீபேப், தேறி வரும்போது ஹை ஃப்ளோ என்று பல டாக்டர்கள் வைத்துக்கொள்கிறார்கள். சீபேப் போதாதபோது இடையிடையே கூடுதல் அழுத்தத்தில் ஊதிக் கொடுக்கும் முறையும் உண்டு. அதற்கும் தொண்டைக்குள் குழாய் வேண்டாம்.

எங்கள் ஊரில் இந்த வசதி இல்லை. குழந்தை பிறந்ததும் தூக்கிக்கொண்டு ஓடலாமா?

முடிந்தால் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுங்கள். அம்மாவின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது. வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவு, தாளவாடியிலிருந்து இறங்கினால் திம்பத்தில் 27. மூச்சுத் திணறும் ஒரு கிலோ குழந்தையோடு அந்த வளைவுகளை நான் எண்ணியிருக்கிறேன். பர்கூர் மலையானாலும் இதே கதைதான். மலைக்காரர்கள், முந்திய பிரசவம் குறைமாதமாக இருந்திருந்தால், ஆறாம் மாதத்திலேயே கீழே சொந்தக்காரர் வீடு பார்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிறந்துவிட்டது என்றால் சொந்தக் காரில் கிளம்ப வேண்டாம். 108-இல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே வண்டிகள் உண்டு, கேளுங்கள். வண்டி வரும் வரை குழந்தையைச் சூடாக வைத்திருப்பதுதான் பெரிய வைத்தியம். குளிர்ந்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் கூடும்.

செலவு?

அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம். தனியாரில் முதல்வர் காப்பீட்டுத் திட்டம் அந்த மருத்துவமனையில் உண்டா என்று சேர்க்கும்போதே கேளுங்கள், பில் வந்த பிறகு கேட்காதீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன பார்க்க வேண்டும்?

புகை. குளிக்க வைத்து சாம்பிராணி காட்டுவது நம் ஊர் வழக்கம், எனக்கும் அந்த வாசம் பிடிக்கும். இந்தக் குழந்தைக்கு வேண்டாம். கொசுவத்தி, விறகடுப்பு, பீடி, சிகரெட் எல்லாம் அதே கணக்கில். தறி ஓடும் வீடாக இருந்தால், தறிக் கூடத்துக்கும் குழந்தை இருக்கும் அறைக்கும் நடுவில் கதவு சாத்தியிருக்கட்டும். தறியிலிருந்து எழுந்து வருகிறவர் பஞ்சுத் தூசியோடு குழந்தையைத் தூக்க வேண்டாம், சட்டை மாற்றிவிட்டுத் தூக்கட்டும். சளி பிடித்தவர்கள் வாசலோடு பார்த்துவிட்டுப் போகட்டும். சீர் கொண்டு வந்த மாமாவாக இருந்தாலும்தான்.

தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கிலேயே போட வேண்டும், இரண்டு மாதம் முந்திப் பிறந்தது என்று தள்ளிப் போட வேண்டாம். குப்புற விழுவது, உட்காருவது போன்றவற்றுக்கு மட்டும் அந்த இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கண்ணோடு காதையும் பரிசோதிக்க வேண்டும். தூங்கும்போது நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சுக்குழி உள்வாங்குவது, உதடு நீலமாவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

அந்தத் தொப்பியை எடுத்துக்கொண்டு போகலாமா?

தாராளமாக. துவைத்துத்தான் கொடுப்போம். போன மாசம் ஒரு பையன் அவன் அம்மாவோடு வந்தான், மூன்றாவது படிக்கிறானாம். கையில் அவனுடைய பழைய தொப்பி. திருப்பூர்த் துணிதான், நிறம் வெளுத்துப் போயிருந்தது. அவன் முட்டியில் மாட்டிப் பார்த்தான், முட்டிக்கே பற்றவில்லை.